தாழ்ந்த சுரத்தின் விலை

ஒரு கட்டடத்தைக் காண்போர் அதன் கோபுரத்தைப் புகழ்வர். அடித்தளத்தைப் புகழ்ந்தவரை நாம் இதுவரை கண்டதில்லை. சுவரில் விரிசல் விழும் நாளில்தான் அடித்தளம் என்று ஒன்று உண்டென்பதே நினைவுக்கு வருகின்றது. இசைக்கும் அப்படியோர் அடித்தளம் உண்டு. பாடுபவர் குரல் மேலே பறக்க, கீபோர்டும் கிட்டாரும் அதனைச் சூழ்ந்து நிற்க, எல்லாவற்றிற்கும் கீழே நின்று தாங்குகின்ற தாழ்ந்த சுரம் ஒன்று உண்டு. அதனை எழுப்பும் கருவிக்குப் பேஸ் கிட்டார் என்று பெயர். குருத்துவக் கல்லூரியில் வழிபாட்டு இசையை ஒரு பாடமாகக் கற்ற நாம், இந்த நான்கு கம்பிக் கருவியைப் பற்றி ஐம்பது வயதைக் கடந்த பின்னரே கற்றுக்கொண்டோம். கற்பித்தது எமது பிழை.

2022ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நள்ளிரவுத் திருப்பலி. எமது கடலோரப் பங்கின் ஆலயம் நிரம்பி, மக்கள் வாசற்படி வரை நின்றிருந்தனர். மாட்சிமைப் பாடல் தொடங்கியது, மணிகள் ஒலித்தன. பாடலின் நடுவில், பாடகர் குழுவின் பக்கமிருந்து தடித்த துணி ஒன்று கிழிவதைப் போன்ற ஓசை எழுந்தது. பின்னர் பாடல் முடியும் வரை ஒவ்வொரு தாளத்திற்கும் தகர டப்பாவைத் தட்டுவது போன்ற கரகரப்பு. பீடத்தில் நின்ற எமது முகம் சிவந்தது. திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைவதற்கும் முன்னரே, பாடகர் குழுவினர் அனைவர் முன்னிலையிலும் பேஸ் வாசித்த இளைஞனை அழைத்தோம். “கருவியைப் பேணத் தெரியாதவன் அதைத் தொடக் கூடாது” என்றோம். அவன் மறுமொழி கூறவில்லை. வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, குழந்தை இயேசுவை முத்தி செய்ய நின்ற வரிசையிலும் சேராமல் இருளில் இறங்கி நடந்தான்.

அவன் வெல்டிங் பட்டறை ஒன்றில் வேலை செய்பவன். எவரிடமும் முறையாகப் பயின்றதில்லை. இளையராஜா இசையமைத்த திரைப்பாடல்களில் பாடலுக்கு அடியில் தனியொரு பாடலாகவே ஓடும் பேஸ் வரிசைகளைக் கேட்டுக் கேட்டு, காதால் கற்றவன். கிட்டாரும் அவனுடையதன்று, எமக்கு முன் பணியாற்றிய அருள்தந்தையின் காலத்தில் ஆலயத்திற்கு நன்கொடையாக வந்தது. புத்தாண்டுத் திருப்பலிக்கு அவன் வரவில்லை. திருக்காட்சி விழாவுக்கு வந்தான். ஆனால் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றான்.

சனவரி நடுவில், கிழிந்த ஒலிபெருக்கியைப் பழுதுபார்க்க ஊரிலுள்ள முதிய ரேடியோ மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தார், காகிதக் கூம்பை விரலால் தடவினார், பின்பு நிமிர்ந்து, “சாமி, பையன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. இது கிட்டாருக்குள்ள ஆம்ப்பு. இதுல போயி பேஸ வாசிச்சா பேப்பர் கிழியத்தான் செய்யும். இத்தன நாளு தாங்குனதே பெருசு” என்றார்.

நாம் திகைத்தோம். கிட்டாருக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று என்று இரண்டு உண்டா? ஒலிபெருக்கி எதுவாயினும் ஒலியைப் பெருக்குவதுதானே? அன்று மாலை, தேநீர் ஆறிப்போகும் வரை, அந்த முதியவர் எமக்கு ஆசிரியரானார்.

கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கின்றது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பியோ 41 முறை. பாதிதானே என்று தோன்றும். ஆனால் ஒரே அளவு ஒலி அழுத்தத்தைத் தர வேண்டுமாயின், அதிர்வெண் பாதியாகும்போது ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கிட்டாருக்கான ஸ்பீக்கரின் கூம்பு மெல்லியது. அது அவ்வளவு தூரம் அசைவதற்காகச் செய்யப்பட்டதன்று. அத்துடன், பல கிட்டார் ஆம்ப்களின் பெட்டி பின்புறம் திறந்திருக்கும். கூம்பின் பின்னே எழும் அலை சுற்றி வந்து, முன்னே எழும் தாழ்ந்த அலையை அழித்துவிடும். ஆகவே வாசிப்பவன் தன் சுரம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுவான். கூட்டக் கூட்டக் கூம்பு கிழியும்.

மனிதக் காதும் இதில் உடந்தை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவீடுகள், தாழ்ந்த ஒலிகளுக்கு எமது செவி மந்தமானது என்பதைக் காட்டின. நடுத்தரச் சுரத்திற்கு இணையாகத் தாழ்ந்த சுரம் செவியில் விழ வேண்டுமாயின், அதற்குப் பன்மடங்கு வலு வேண்டும். தாங்கி நிற்பவன் அதிகம் உழைக்க வேண்டும். உழைத்தாலும் குறைவாகவே கேட்கப்படுவான். இயற்கையின் ஏற்பாடே இப்படியிருக்க, நாமும் அவன்மீது ஒரு கல்லை எறிந்திருந்தோம்.

ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் அமர்ந்து பிறர் பாவங்களைக் கேட்கும் எமக்கு, அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமாணவராயிருந்த நாளில் அறநெறி இறையியலில் நாம் படித்த பாடம் ஒன்று உண்டு: ஒருவருடைய நற்பெயரைப் பலர் முன் சிதைத்தவர், அதனைப் பலர் முன்னேயே மீட்டுத் தர வேண்டும், அறைக்குள் அழைத்து மெல்லிய குரலில் வருந்துவது பாதிக் கடனை அடைப்பதே. தேர்வில் இதற்கு விடை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருந்தோம். விடையை நடைமுறையில் எழுதும் வேளை இப்போது வந்திருந்தது.

மறுநாள் பட்டறைக்குச் சென்றோம். கண்ணுக்குக் காப்பிட்டுத் தீப்பொறி நடுவே குனிந்திருந்தவன், எம்மைக் கண்டு கருவியை அணைத்தான். “ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் பாடகர் குழுவில் நிற்க வேண்டும், வாசிக்க அல்ல, கேட்க” என்றோம். வந்தான். எவர் முன்னே சினந்தோமோ அவர்கள் முன்னே, “பிழை அவனுடையதன்று, தவறான பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையைக் குறை கூறியது எமது அறியாமை” என்று சொன்னோம். சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்திற்கு நாம் மூன்று வாரம் கடன்பட்டிருந்தோம். “இனி என்ன வேண்டும், சொல்” என்று கேட்டபோது அவன் தரையைப் பார்த்தபடி, “எனக்கு நான் வாசிக்கிறது கேக்கணும் ஃபாதர். அவ்வளவுதான்” என்றான்.

வாசக அன்பர்களே, இந்த ஒரு வாக்கியமே பின்னர் நாம் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் அளவுகோலாயிற்று.

தவக்காலத் தொடக்கத்தில் பங்குப் பேரவை கூடியது. நிதிக்குழு 25,000 ரூபாய் ஒதுக்க இசைந்தது. கோபுரம் கட்ட விழைபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் ஆண்டவரின் உவமையை அன்றுதான் நாம் உண்மையாகவே தியானித்தோம். ஏனெனில் ஆளுக்கொரு கோபுரம் எழுந்தது.

முதியவர் ஒருவர், கோயிலுக்கு இக்கருவி தேவையா என்றே கேட்டார். நியாயமான கேள்வி. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய ஆணையில், பியானோவும் முரசு போன்ற பேரோசைக் கருவிகளும் ஆலயத்தில் விலக்கப்பட்டிருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டோ, குழல் ஆர்கனுக்குரிய சிறப்பை நிலைநிறுத்திய பின், தகுதியுடைய பிற கருவிகளுக்கும் உரிய அதிகாரத்தின் இசைவோடு வாயிலைத் திறந்தது. குழல் ஆர்கனில் கால்களால் மிதித்து எழுப்பும் தாழ்ந்த சுரம் எதைச் செய்ததோ, அதையே எமது சிற்றூரில் இந்த நான்கு கம்பிகள் செய்கின்றன என்று விளக்கினோம். பெரியவர் தலையசைத்தார்.

அடுத்து வசதி படைத்த அன்பர் ஒருவர் எழுந்தார். ஆளுயரப் பெட்டி, 500 வாட் வலு, மீதித் தொகையைத் தாமே தருவதாகவும் பெட்டியின் முகப்பில் தம் குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இளைஞர் சிலர், அறுபது எழுபது விதமான ஒலிகளைத் தரும் பன்விளைவுப் பெட்டி ஒன்றைக் கேட்டனர். மெக்கானிக் மட்டும், “மொதல்ல நம்ம கோயிலு பிளக்குல எர்த் இருக்கா பாருங்க” என்றார். அனைவரும் சிரித்தனர். பார்த்தபோது, இல்லை.

இங்கே வாட் என்னும் மாயையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 100 வாட்டைவிட 200 வாட் இரு மடங்கு உரக்க ஒலிக்கும் என்றே நாமும் நம்பியிருந்தோம். அன்று. வலுவை இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயர்கின்றது. அது செவிக்குச் சிறிய ஏற்றமே. இரு மடங்கு உரக்கக் கேட்கிறது என்று செவி உணர வேண்டுமாயின், வலு ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 200 வாட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரிது. கிடைக்கும் ஒலி சிறிது. வீட்டுப் பயிற்சிக்கு 15 முதல் 30 வாட் போதும். கீபோர்டு, கிட்டார், அடக்கமான தாளம், இருபது குரல்கள் ஆகியவற்றோடு ஆலயத்தில் வாசிக்க, 100 வாட்டும் பேஸுக்கென்றே செய்த 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் ஈடுகொடுக்கும். பேஸ் ஆம்பில் கிட்டாரை வாசிக்கலாம், தீங்கில்லை. கிட்டார் ஆம்பில் பேஸை வாசிப்பதே கேடு. ஃபெண்டர் நிறுவனம் 1952இல் பேஸுக்கென்று வெளியிட்ட ‘பேஸ்மேன்’ ஆம்ப்பைப் பிற்காலத்தில் கிட்டார் கலைஞர்களே விரும்பி எடுத்துக்கொண்டனர் என்பது இசை வரலாறு.

புதியதா, பழையதா என்பது அடுத்த கேள்வி. மதுரையில் ஒரு கடையில் புதிய வகை ஆம்ப் ஒன்றைக் கண்டோம். டி வகுப்பு என்று பெயர். மூன்று கிலோவுக்கும் குறைந்த எடையில் பெருவலு. தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறலாம். ஆனால் அதற்குத் தனியே ஸ்பீக்கர் பெட்டி வாங்க வேண்டும். உள்ளே இருப்பவையோ கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய பாகங்கள். “கெட்டா நம்ம ஊருல யாரும் கை வைக்க முடியாது” என்றார் உடன் வந்த மெக்கானிக். மலிவு என்பது விலைச்சீட்டில் எழுதிய எண் அன்று. பழுதாகும் நாளில் பழுதுபார்க்க ஆள் உண்டா என்பதும் அதில் அடங்கும் என்று அன்று அறிந்தோம்.

இறுதியில், 2020க்குப் பின் கச்சேரிகள் குறைந்து கருவிகளை விற்றுக்கொண்டிருந்த மெல்லிசைக் குழுவினர் ஒருவரிடம், 15 அங்குல ஸ்பீக்கரும் 100 வாட் ஆம்பும் ஒரே பெட்டியில் அமைந்த பழைய டிரான்சிஸ்டர் வகை ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. கைமாறிய ஆம்பை எப்படிச் சோதிப்பது என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். முதலில் ஒலியைச் சுழியத்தில் வைத்து மின்சாரம் கொடுத்து, இரைச்சலும் உறுமலும் உண்டா என்று செவிமடுத்தார் முதியவர். ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருகி, கரகரப்பைத் தேடினார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கைவிரல்களையும் கூம்பின் இருபுறமும் சமமாக வைத்து, பூவைத் தொடுவதுபோல் அழுத்தினார். உள்ளே உரசல் இருந்தால் கம்பிச்சுருள் வெந்துவிட்டது என்று பொருளாம். பிறகு இளைஞன், மிகத் தாழ்ந்த கம்பியில் தொடங்கி ஒவ்வொரு கட்டையாக ஏறினான். எந்தச் சுரத்திலாவது பெட்டி அதிர்ந்து பேசுகிறதா என்று இருவரும் கவனித்தனர். அரைமணி நேரம் விடாமல் ஒலிக்கவிட்டு, சூடேறிய பின்னும் ஒலி மாறவில்லை என்று கண்ட பிறகே விலை பேசினர். 15,500 ரூபாய்க்கு முடிந்தது.

அந்த அரைமணி நேரத்தில்தான் இளைஞனின் முகத்தை நாம் முதன்முறையாகக் கவனித்தோம் என்று சொல்ல வேண்டும். அவன் புன்னகைக்கவில்லை. வாசிப்பதை நிறுத்தி, மீண்டும் அதே சுரத்தை வாசித்து, மீண்டும் நிறுத்தினான். நான்கு ஆண்டுகளாகத் தான் வாசித்துவந்த சுரத்தைத் தன் காதாலேயே அவன் கேட்டது அன்றுதான்.

இனி விளைவுப் பெட்டிகள். காலால் மிதிக்கும் இச்சிறு பெடல்களின் வண்ணமும் பெயரும் இளைஞரைக் கவர்வது இயல்பே. ஒலியை இரட்டையாக்கி அலைபோல் அசையவிடும் கோரஸ், ஒரு ஸ்தாயி கீழிறக்கும் ஆக்டேவ், கரகரப்பேற்றும் ஓவர்டிரைவ் என வகைகள் பல. ஆனால் எமது ஆலயம் உயர்ந்த கூரையும் வெறும் சுவரும் கொண்டது. தானே ஓர் எதிரொலிப் பெட்டி. அதில் கோரஸைச் சேர்த்தால் சுரம் தெளிவிழந்து குழம்பும். ஆகவே தேவையின் வரிசையைத் தாளில் எழுதினோம். முதலாவது சுருதி சேர்க்கும் கருவி. பேஸ் சுருதி பிசகினால் மேலே உள்ள அனைவரும் பிசகியதாகத் தோன்றும். கம்பித் தலையில் கவ்வும் வகை 450 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டாவது கம்ப்ரெசர்: உரத்த சுரத்தைத் தணித்து, மெலிந்த சுரத்தோடு சமன்படுத்துவது. அது பயனுள்ளதே, ஆயினும் விரல்களின் சீரான பயிற்சி அதனினும் நன்று என்று இளைஞனே சொல்லி ஒதுக்கினான். மூன்றாவதாகக் கரகரப்புப் பெடல் என்றாவது வேண்டுமாயின், தூய ஒலியையும் உடன் கலந்து அனுப்பும் குமிழ் உள்ளதையே வாங்க வேண்டும். கிட்டாருக்கான பல பெடல்கள் தாழ்ந்த சுரத்தை விழுங்கிவிடும். கோரஸும் ஆக்டேவும் பட்டியலின் அடியில் நின்றன, அங்கேயே நிற்கின்றன.

டி.ஐ. பெட்டி என்றொரு சிறு கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினோம். கிட்டாரிலிருந்து வரும் மெலிந்த மின்குறியை, நீண்ட வயரில் இரைச்சலின்றிப் பயணம் செய்யத் தக்கதாக மாற்றி மிக்சருக்கு அனுப்புவது இது. ஆலயச் சுவரிலுள்ள நெடும்பெட்டிகள் மறையுரைக்காக அமைந்தவை. அவற்றின் வழியே பேஸை அனுப்பலாகாது. ஆனால் திருவிழா மேடையில், சவுண்ட் சர்வீஸ்காரரின் பெரிய பெட்டிகள் நிற்கும்போது, இச்சிறு பெட்டி ஒன்றே போதும். ஆம்பைத் தூக்கி அலைய வேண்டியதில்லை.

துணைப்பொருள்களில் பலரும் சிக்கனம் பிடிப்பது வயரில். நாமும் பிடித்திருந்தோம். கிட்டாருக்கு உலோக உறை சுற்றிய கவச வயர் வேண்டும். ஆம்பிலிருந்து தனிப்பெட்டிக்குச் செல்வதோ தடித்த ஸ்பீக்கர் வயர். முனைகள் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றிச் செருகுவோர் உண்டு. அது ஆம்பையே எரித்துவிடக்கூடும். நல்ல கவச வயர் இரண்டு, 1,400 ரூபாய். தோளை அறுக்காத அகன்ற வார், 650 ரூபாய். எர்த் இணைப்பு வேலைக்கு 1,900 ரூபாய். உறுமல் ஓசை வருகிறதென்று பிளக்கின் மூன்றாம் முனையை உடைத்துவிடும் வழக்கம் மேடைகளில் உண்டு. கம்பியில் கையும் ஒலிவாங்கியில் உதடுமாக நிற்பவனுக்கு அது உயிராபத்து. எமது பட்டியலில் இச்செலவே எவருடைய கண்ணுக்கும் தெரியாதது. இதுவே முதலில் செய்யத்தக்கதும்.

கம்பிகளுக்கு 2,700 ரூபாய் ஆயிற்று. எமது ஊர்க் கடற்காற்றில் சாதாரணச் சுருட்கம்பி சில வாரங்களில் துருவேறி ஒளி மங்கிவிடுகின்றது. பழைய கம்பியை வெந்நீரில் கொதிக்கவைத்து அழுக்கு நீக்கிச் சில நாள் உயிர்ப்பிப்பது ஏழைக் கலைஞரின் பழைய உத்தி. எமது இளைஞன் தன் அன்னையின் அடுப்பில் அதைப் பலமுறை செய்திருக்கிறான். இம்முறை தட்டையாகச் சுற்றிய கம்பிகளை வாங்கினோம். விலை சற்று மிகுதி. ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். விரல் வழுக்கும் கீச்சொலி எழாது. வழிபாட்டுக்கு ஏற்ற மென்மையான தொனி. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதே செலவில்லாத காப்பு.

இக்கம்பிகளைப் பற்றிப் பேசும்போது ஒரு மனிதரை நினையாதிருக்க இயலவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தின் பதிவுக்கூடத்தில், 1960களில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் கலைஞர் பேஸ் வாசித்தார். 1962ஆம் ஆண்டு மாதிரியான ஃபெண்டர் கிட்டார் ஒன்று. அதில் மாற்றாமலே விட்ட தட்டைக் கம்பிகள். மீட்டுவதற்குப் பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரல். பதிவுக்கூடத்தில் அவருடைய கருவி பெரும்பாலும் ஆம்ப் இன்றியே நேரடியாக மிக்சரில் இணைக்கப்பட்டது. இவ்வளவு எளிய கருவித்தொகுதியால் அவர் தாங்கிய பாடல்களை உலகமே பாடியது. ஆனால் 1971இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டு வரை, மோடவுன் உறைகளில் அவர் போன்ற கலைஞரின் பெயர் அச்சிடப்படவில்லை. 1983இல் அவர் மறைந்தார். 2000ஆம் ஆண்டில்தான் ராக் இசைப் புகழ்மன்றம் அவரை ஏற்றது. தாங்கியவர்களின் பெயர் எப்போதும் பிந்தியே எழுதப்படுகின்றது.

மொத்தச் செலவு 24,400 ரூபாய். மீதமிருந்த 600 ரூபாயை, கிழிந்த கூம்பை மாற்றப் பொருள் வாங்கியதற்கென்று மெக்கானிக்கிடம் கொடுத்தோம். கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பழைய ஆம்ப் இன்று தனக்குரிய கிட்டாரோடு நலமாக ஒலிக்கின்றது. தவறான பணியில் வைத்தால் கிழிவதும், உரிய பணியில் வைத்தால் பாடுவதும் பெட்டிக்கு மட்டும் உரிய இயல்பா என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு. பங்குகளில் ஆட்களுக்குப் பணி பகிர்ந்தளிக்கும் எமக்கு இது தேவையான எண்ணம்.

பெரிய பெட்டி கேட்ட அன்பரை மறந்துவிடவில்லை. பெயரெழுதும் விருப்பத்தை நாம் மறுத்தபோது அவர் வருந்தினார். சில மாதங்களுக்குப் பின், தாமாகவே வந்து, இளைஞன் வீட்டில் எப்படிப் பயிற்சி செய்கிறான் என்று கேட்டார். ஒற்றை அறை வீடு. இரவு எட்டு மணிக்குத் தங்கை படிக்க வேண்டும். அதை அறிந்த அவர், காதுக்கருவி செருகும் வசதியும் சுருதி காட்டியும் கம்ப்ரெசரும் உள்ள சிறிய பன்விளைவுப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பேரவையில் இளைஞர் கேட்டபோது ஆடம்பரமாகத் தோன்றிய பொருள், ஒற்றை அறை வீட்டில் தேவையாயிற்று. பெயர் எழுத அதில் இடமில்லை, உள்ளங்கை அளவுதான். அவரும் கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 8, பாஸ்கா திருவிழிப்பு. புனித வியாழன் மாட்சிமைப் பாடலுக்குப் பின் மௌனம் காத்த கருவிகள் மீண்டும் ஒலிக்கும் இரவு. ஆம்பைச் சுவர் மூலையிலிருந்து விலக்கி வைத்திருந்தோம்; மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கி முழங்கும். ஒரு முக்காலியின்மேல் ஏற்றியிருந்ததால் வாசிப்பவன் செவிக்கு அது நேராக எட்டியது. மணிகள் அடித்தன. மாட்சிமைப் பாடல் எழுந்தது. நாம் பீடத்தில் நின்றபடி, டிசம்பர் இரவின் அந்த ஓசைக்காக எம்மையறியாமல் காத்திருந்தோம். அது வரவில்லை. பாதங்களுக்கடியில் தரை மெல்ல அதிர்வதுபோல் ஒன்று இருந்தது. அதன்மேல் மக்கள் வழக்கத்தைவிடத் துணிந்து பாடினர்.

திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது, மூதாட்டி ஒருவர் எம் கையைப் பற்றி, “இன்னைக்குப் பாட்டு நல்லா இருந்துச்சு சாமி, யாரு புதுசாப் பாடுனது?” என்றார். எவரும் புதிதாகப் பாடவில்லை என்றோம். அவர் நம்பவில்லை.

உள்ளே, அவன் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மூதாட்டி கேட்டதை அவனிடம் சொன்னோம். சிரித்தான். பின்பு வயரை வட்டமாகச் சுருட்டி, ஆம்பின்மேல் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு எம்மோடு வெளியே நடந்தான்.